தோல் கறுத்த வாழைப்பழம்



மணவீட்டுப் பந்தலின் முகப்பில் இரு பக்கமும் தாரோடு வாழை மரம் கட்டுவது நம் நாட்டு வழக்கம். மணம் முடிந்து, விருந்தினர் ஊர் திரும்பி, பந்தற்காரர் கீற்றையும் கழியையும் அவிழ்த்துக்கொண்டு போன பின்பு, அந்த இரண்டு தார்களும் கொல்லைப்புறத்துக்கோ மாடிப்படியின் அடிக்கோ வந்து சேர்கின்றன. சில நாள்கள் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு முதற் சீப்பில் மஞ்சள் தெரியும். அடுத்த நாள் பாதித் தார் மஞ்சள். அதற்கடுத்த நாள் முழுத் தாரும் மஞ்சள். அதன் பின் வீடெங்கும் பழவாசனை, சுற்றிலும் பழ ஈ, தோலெங்கும் கரும்புள்ளி. பங்குத் திருவிழாவில் காணிக்கையாக வந்த தாரை ஏலத்தில் எடுத்தவர் வீட்டிலும் இதே கதைதான். ஒரு பூவன் தாரில் நூற்றுக்கு மேற்பட்ட பழங்கள் இருக்கும். அக்கம்பக்கத்தாருக்கு எத்தனைதான் கொடுப்பது?

இதன் பிறகு நம் குடும்பங்களில் நடப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். நல்ல பழங்களைப் பிள்ளைகளும் ஆடவரும் எடுத்துக்கொள்வர். தோல் கறுத்தவை எஞ்சும். எறிவதற்கு மனம் வராது. "வீணாய்ப் போகிறதே" என்று தாயோ பாட்டியோ காலையில் ஒன்று, பகலில் ஒன்று, படுக்கப் போகும் முன் ஒன்று என அவற்றை உண்டு தீர்ப்பார். யாரும் அவரை அவ்வாறு செய்யச் சொல்வதில்லை. செய்யவேண்டாம் என்று தடுப்பதும் இல்லை. அவருக்கு நீரிழிவு இருந்தாலும் இது நடக்கிறது. மிகக் கனிந்த பழத்தின் சர்க்கரை, காய்ப்பருவம் மாறாத பழத்தின் மாவுச்சத்தைக் காட்டிலும் விரைவாக இரத்தத்தில் ஏறும் என்பதை எத்தனை வீடுகளில் எண்ணிப்பார்க்கிறார்கள்? வீட்டின் சிக்கனம் முழுவதும் ஒருவருடைய வயிற்றின் மேலேயே விழுவது நமக்கு உடன்பாடன்று. ஆகவே இம்மாதம் இந்தப் பகுதியில், கறுத்த பழத்தை மாவோடு சேர்த்து வேகவைத்து வீட்டார் அனைவரும் பகிர்ந்து உண்ணும் வகையைப் பற்றி எழுத விரும்பினோம்.

முதலில் பழத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாழைக்காயின் சதையில் 100க்கு ஏறத்தாழ 20 பங்கு மாவுச்சத்து. காய் கனியக் கனிய அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் மாவுச்சத்து 100க்கு ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். இந்த மாற்றத்தைத் தொடக்கி வைப்பது எத்திலீன் என்னும் வாயு. அதனைப் பழமே வெளிவிடுகிறது. ஒரு பழம் வெளிவிட்டால் அருகிலுள்ளதும் கனியத் தொடங்கி, அதுவும் தன் பங்குக்கு வெளிவிடும். தார் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுத்து நம்மைத் திணறடிப்பதன் காரணம் இதுவே. நம் முன்னோர் தாரைக் குழியிலோ மூடிய அறையிலோ வைத்துப் புகைமூட்டம் போட்டதும் இதே வேலையைத்தான் செய்தது. புகையிலும் எத்திலீன் உண்டு. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அவ்வாறு பழுத்த பழம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே சுவையற்றும் இருப்பதைப் பலரும் அறிவர்.

சர்க்கரை கூடும்போதே சதையைப் பிணைத்து நிறுத்தும் பொருள்களும் கரைகின்றன. பழம் குழைகிறது. மணமும் அப்போதுதான் நிறைகிறது. ஆக, கையில் எடுத்து உண்பதற்குக் குறையாகத் தோன்றும் மூன்றும், அதாவது மிகு இனிப்பு, குழைவு, தூக்கலான மணம் ஆகியவை, மாவோடு சேரும்போது நிறைகளாகிவிடுகின்றன. இனிப்பு மிகுதலால் சீனியைக் குறைக்கலாம். குழைவு மிகுதலால் கரண்டியின் பின்புறத்தாலேயே மசிக்கலாம். மணம் மிகுதலால் எசன்சு வாங்கவேண்டியதில்லை. பொன்மஞ்சளாய் இருக்கும் அழகான பழத்தைக் கேக்கில் போடுவோர் பழத்தையும் இழக்கிறார்கள், கேக்கையும் இழக்கிறார்கள் என்பது நம் கருத்து.

ஆனால் தோலின் கறுப்பு ஒன்றையே நம்பிவிடக் கூடாது. வாழை வெப்ப நாட்டுப் பயிர். ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர் பட்டால் அதன் தோல் கறுத்துவிடும். உள்ளே சதையோ கனியாமல் அப்படியே நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த பச்சைப் பழம் கரிபோல் ஆகி, உரித்தால் வெள்ளையாகவும் துவர்ப்பாகவும் இருப்பது இதனால்தான். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். குழைந்து மணந்தால் போதும். பழத்தைத் தோலோடு சூட்டில் வைத்துக் கறுக்கச் செய்து கனிந்த பழத்துக்கு ஈடாக்கலாம் என்றும் சிலர் சொல்வதுண்டு. சூட்டில் பழம் மென்மையாகும், உண்மை. ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அச்சூட்டில் செயலிழந்துவிடுவதால், நாள்பட்ட கனிவின் இனிப்பு அதற்கு வருவதில்லை. காத்திருப்பதற்கு மாற்று இல்லை.

நம் நாட்டில் வாழைப்பழம் என்பது ஒரே பழமன்று. திருச்சிராப்பள்ளியில் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்தது என்றால், அதற்கேற்ற இனவளம் நம்மிடம் இருக்கிறது. கேக்கு வகைகளுக்குப் பெரிய பச்சைப்பழமும் ரொபஸ்டாவும் எளிதில் பொருந்துகின்றன. சதை மிகுதி, மசிப்பதும் எளிது. பூவனில் இலேசான புளிப்பு உண்டு. சோடா உப்பு சேர்க்கும் பண்டத்தில் அப்புளிப்பு உதவி செய்யும். எனவே பூவனை நாம் ஒரு படி மேலாகவே மதிக்கிறோம். கற்பூரவள்ளி தேனாய் இனிக்கும். அதனைச் சேர்த்தால் சீனியை இன்னும் குறைக்கவேண்டும். ரஸ்தாளி முற்றக் கனிந்தால் காம்பிலிருந்து தானாக உதிர்ந்துவிடும்; உதிர்ந்ததை உடனே பயன்படுத்துவது நல்லது. நேந்திரன், குமரி மாவட்டத்தார் ஏத்தன் என்பது, தனி இனம். தோல் மஞ்சளான பின்பும் அதில் மாவுச்சத்து கணிசமாக எஞ்சியிருக்கும். தோல் பாதிக்கு மேல் கறுத்த பிறகே அது அடுப்புக்கு ஏற்ற பதத்துக்கு வருகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: நாம் பூவன் என்பதைக் கேரளத்தார் பாளையங்கோடன் என்பர், அவர்கள் பூவன் என்பது நம் ரஸ்தாளி. அண்டை மாநிலத்துச் சமையற் குறிப்பைப் பார்த்துச் செய்வோர் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாழைப்பழக் கேக்கு அமெரிக்க நாட்டில் பிறந்தது. அங்கே அதனை 'பனானா பிரெட்' என்பார்கள். ரொட்டி என்ற பெயர் நீளமான ரொட்டித் தகட்டில் வேகவைப்பதனால் வந்தது. உண்பவர்க்கு அது கேக்குதான். வாழை விளையாத குளிர் நிலத்தில் இப்பண்டம் தோன்றியதே ஒரு விந்தை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மத்திய அமெரிக்காவிலிருந்தும் கரிபியத் தீவுகளிலிருந்தும் கப்பல் கப்பலாக வாழைப்பழம் வட அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரத் தொடங்கியது. 1899இல் யுனைட்டெட் புரூட் கம்பெனி உருவானது. தோட்டங்களையும் இருப்புப்பாதைகளையும் கப்பல்களையும் தன் கையில் வைத்திருந்த அந்நிறுவனம் சில சிறிய நாடுகளின் அரசுகளையே ஆட்டிவைத்தது வேறு கதை. அத்தோட்டங்களில் உழைத்தவர் பட்ட துயரமும் பெரிது. அமெரிக்க இல்லத்தரசிக்குக் கிடைத்ததோ மலிவான பழம்.

1929இல் பங்குச்சந்தை வீழ்ந்து பெரும் பொருளாதாரச் சரிவு வந்தபோது அந்த மலிவான பழத்தையும் எறிவதற்கு மக்களுக்கு மனமில்லை. அக்காலத்தில் சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் எல்லாச் சமையலறைகளிலும் இருந்தன. மாவு விற்ற நிறுவனங்களும் சோடா விற்ற நிறுவனங்களும் தத்தம் சரக்கு விற்கவேண்டும் என்று சமையல் நூல்களை அச்சிட்டன. 1930களில் அந்நூல்களில் வாழைப்பழ ரொட்டி இடம்பெறலாயிற்று. வறுமை ஒருபுறமும் வணிகம் ஒருபுறமும் நின்று பெற்றெடுத்த பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். பின்னர் 2020இல் கொரோனாத் தொற்றுக்காக உலகமே கதவடைத்து வீட்டில் இருந்தபோது, பல நாடுகளில் கடைகளில் ஈஸ்டு கிடைக்காத நிலையில், இதே பண்டம் மீண்டும் வீடுதோறும் செய்யப்பட்டது. நம் நகரங்களிலும் அவ்வாண்டில் இதனை முதன்முதலாகச் செய்து பார்த்தவர் பலர்.

பேக்கிங் பவுடர் பிறந்த விதமும் குடும்பப் பத்திரிகையில் சொல்லத்தக்கதே. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்னும் மருந்தாளுநர் இருந்தார். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்டும் ஒவ்வாது. மற்றவர் உண்ணும் ரொட்டியை அவரும் உண்ணவேண்டுமே என்று கணவர் 1843இல் ஈஸ்டு இல்லாமல் மாவை உப்பச்செய்யும் தூளைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்புகள் பலவும் இப்படி ஒருவர் உண்ண முடியாத தட்டைப் பார்த்தே பிறந்திருக்கின்றன.

சோடா உப்பு, அதாவது ஆப்பசோடா, புளிப்போடு சேரும்போது கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயுவின் குமிழிகள் மாவில் சிக்கி, சூட்டில் விரிந்து, மாவு இறுகும்போது அப்படியே நின்றுவிடுகின்றன. வாழைப்பழத்தில் இயற்கையாகவே சிறிது புளிப்பு உண்டு. ஆயினும் அது போதாது. இரண்டு கரண்டி தயிர் சேர்த்தால் நிறைவாகும். புளிப்பு போதாமல் சோடா மிஞ்சினால் அது சூட்டில் சலவைச் சோடாவாக மாறி, பண்டத்தில் சவர்க்காரச் சுவை ஏறும், நிறமும் கறுக்கும். "உப்பவில்லையே" என்று மறுமுறை சோடாவைக் கூட்டுவோர் செய்யும் பிழை இது. பெரும்பாலும் உப்பாமல் போவதற்குக் காரணம் பழைய சோடா. ஒரு சிட்டிகையை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது உயிரோடிருக்கிறது.

இனி அளவு. மிகக் கனிந்த பெரிய பழம் 3 (உரித்தபின் ஏறத்தாழ 350 கிராம், பூவனானால் 6 அல்லது 7 வேண்டியிருக்கும்), மைதா 250 கிராம், சீனி 150 கிராம், உருக்கிய வெண்ணெய் அல்லது மணமில்லாத எண்ணெய் 100 கிராம், முட்டை 2, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, சோடா உப்பு தலை தட்டி 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. விரும்பினால் 4 ஏலக்காயைப் பொடித்துச் சேர்க்கலாம். பட்டைத்தூளும் பொருந்தும். முந்திரி இருந்தால் ஒரு கைப்பிடி. இல்லாவிட்டால் வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். வாழைப்பழத்தோடு அது முந்திரியைவிடவும் நன்றாகச் சேர்கிறது.

மைதாவையும் சோடாவையும் உப்பையும் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளவும். வேறொரு பாத்திரத்தில் பழத்தை மசித்து, சீனியும் வெண்ணெயும் சேர்த்துக் கலக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடித்து, தயிரைச் சேர்க்கவும். இதில் சலித்த மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டவும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாதபோது நிறுத்திவிட வேண்டும். இந்த இடத்தில்தான் நம் பெண்களுக்குக் கை நிற்பதில்லை. தோசை மாவையும் வடை மாவையும் அடித்துப் பழகிய கை, கட்டி கிடக்கிறதே என்று இன்னும் நாலு சுற்றுச் சுற்றும். அரிசிக்கும் உளுந்துக்கும் அது சரி. கோதுமை மாவில் ஈரம் பட்டுக் கை பட்டால் பசைத்தன்மை ஏறி, கேக்கு ரப்பர்போல் இழுக்கும். வெட்டினால் உள்ளே நீண்ட துளைகள் தெரியும். சிறு கட்டிகள் கிடக்கட்டும். அவை வேகும்போது கரைந்துவிடும்.

தகட்டின் உட்புறம் வெண்ணெய் தடவி மாவு தூவி, முக்கால் அளவுக்கு மேற்படாமல் கலவையை ஊற்றவும். ஓவன் உள்ளவர்கள் 180 பாகை செல்சியசில் முன்பே சூடாக்கி 50 முதல் 60 நிமிடம் வைக்கவேண்டும். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். பழத்தின் ஈரம் காரணமாக இது மற்றக் கேக்குகளைக் காட்டிலும் மெதுவாகவே வேகும். மேற்புறம் முன்னதாகச் சிவந்துவிட்டால் ஒரு தாளை மேலே போர்த்திவிட்டு உள்ளே வேக விடுங்கள். பொறுமையின்றி முன்னதாக எடுத்தால் நடுப்பகுதி களிபோல் அமுங்கிவிடும்.

ஓவன் இல்லாத வீடு என்று எதுவும் தடையில்லை. நம் தாய்மார் கனமான சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் பரப்பி, அதன் மேல் தகட்டை வைத்து, மூடியின் மேல் கரித்தணல் கொட்டிக் கிறிஸ்துமஸ் கேக்கு வேகவைத்தவர்களே. மேலும் கீழும் சூடு படும் அந்த ஏற்பாடு எவ்வகையிலும் குறைந்ததன்று. இன்று எரிவாயு அடுப்பில் அடி கனத்த பழைய அலுமினியப் பாத்திரத்தில் கல்லுப்போ மணலோ பரப்பி, மூடி 10 நிமிடம் சூடேற்றி, ஒரு முக்காலியின் மேல் தகட்டை வைத்து, மிகச் சிறிய தீயில் ஒரு மணி நேரம் விட்டால் வெந்துவிடும். மேற்புறம் சிவக்காது, வெளுத்தே இருக்கும். அதனால் சுவை குறையாது. பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். நீரின்றிக் காய்வதால் குக்கருக்குக் கேடு வரும் ஆதலால், புதிய குக்கரை இதற்கு வைக்காதீர்கள். பழையதொன்று இருந்தால் அது போதும். சிறு ஊர்களில், கலவையைத் தகட்டில் ஊற்றித் தெருமுனை ரொட்டிக்கடையில் கொடுத்து, சிறு கூலிக்கு வேகவைத்து வாங்கும் வழக்கமும் இருந்தது. அத்தகைய விறகடுப்புக் கடை உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மைதா வேண்டாம் என்போர் கோதுமை மாவில் செய்யலாம். நம் ஆட்டா மாவு மிகுந்த நீரை உறிஞ்சும் தன்மையுடையது. எனவே அரைப் பழமோ நாலைந்து கரண்டிப் பாலோ கூடுதலாக வேண்டும். சீனிக்கு மாறாகக் கருப்பட்டியைச் சீவிச் சேர்த்தால் நிறம் கறுப்பாகும், மணமோ அலாதி. தென்கோடி மாவட்டங்களில் உள்ளோர் இதனை அவசியம் செய்து பார்க்கவேண்டும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டும்போது நீரை மிகுதியாக விடாமல் பாகுபோல் காய்ச்சிக்கொள்வது நல்லது. முட்டை உண்ணாதவர் ஒரு முட்டைக்கு ஈடாக 60 கிராம் அளவு மசித்த பழத்தைக் கூடுதலாகச் சேர்க்கலாம். பழம் மாவைப் பிணைக்கும், ஈரமாக வைத்திருக்கும்; ஆனால் முட்டையைப்போல் மேலே தூக்காது. அடர்த்தியாகத்தான் வரும் என்று அறிந்தே செய்யுங்கள்.

கிறிஸ்துமஸ் கேக்கு என்றதும் தலைச்சேரியின் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பர்மாவில் பிஸ்கோத்துச் செய்யக் கற்றுவந்த மாம்பள்ளி பாபு என்பவர் தலைச்சேரியில் ரொட்டிச்சாலை நடத்திவந்தார். 1883இல், அஞ்சரக்கண்டியில் இலவங்கப்பட்டைத் தோட்டம் வைத்திருந்த பிரௌன் என்னும் வெள்ளைக்காரர் சீமையிலிருந்து வந்த கேக்குத் துண்டொன்றைக் காட்டி, இதுபோல் செய்து தரமுடியுமா என்று கேட்டாராம். பிராந்தி சேர்க்கவேண்டும் என்றும் சொன்னாராம். பாபு அதற்குப் பதிலாக, முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து உள்ளூரில் வடித்த சாராயத்தை ஊற்றிச் செய்து கொடுத்தார் என்றும், வெள்ளைக்காரர் உண்டு மகிழ்ந்து பன்னிரண்டு கேக்குகள் சொல்லிவைத்தார் என்றும் அக்குடும்பத்தார் சொல்லி வருகின்றனர். வழிவழியாக வந்த கதை என்பதால் ஒவ்வொரு விவரத்துக்கும் நாம் சாட்சி சொல்ல முடியாது. என்றாலும் நம் நாட்டில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக்கு என்று போற்றப்படுவதில் வாழைப்பழத்துக்கும் பங்கு உண்டு என்பது நம் பக்கத்துக்குச் சாதகமான செய்திதான்.

அடுப்பில் வேகவைப்பதெல்லாம் மேல்நாட்டு வழிதான் என்று எண்ணவேண்டாம். மலபார் முஸ்லிம் இல்லங்களில் காய்ப்போளா என்று ஒன்று செய்வார்கள். கனிந்த நேந்திரனைச் சிறு துண்டுகளாக்கி நெய்யில் வதக்கி, சீனியும் ஏலமும் சேர்த்து அடித்த முட்டையில் கலந்து, முந்திரியும் திராட்சையும் இட்டு, அடி கனத்த பாத்திரத்தில் மூடி சிறு தீயில் வேகவைப்பார்கள். ஒரு துளி மாவு இல்லை, சோடா இல்லை; தட்டில் கவிழ்த்தால் வட்டமான கேக்கு. நோன்பு திறக்கும் வேளைக்கு அவர்கள் செய்யும் பண்டங்களில் இது ஒன்று.

மங்களூர், உடுப்பி வட்டாரத்தார் செய்வது இன்னொரு வகை. பன்சு என்பார்கள், பெயர் ரொட்டிக்கடையைச் சேர்ந்தது, செய்முறையோ பூரியைச் சேர்ந்தது. மிகக் கனிந்த பழம் இரண்டை 3 மேசைக்கரண்டி சீனியோடு மசித்துக் கரையவிட்டு, புளித்த தயிர் 2 மேசைக்கரண்டி, சோடா உப்பு ஒரு சிட்டிகை, உப்பு, சிறிது சீரகம், ஒரு கரண்டி நெய் சேர்த்து, பிடிக்கும் அளவு மைதா போட்டு மென்மையாகப் பிசைந்து மூடிவைக்க வேண்டும். இரவு பிசைந்தால் காலைக்குப் பதமாகும். பூரியைவிடத் தடிப்பாகத் தேய்த்து, மிதமாகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் பந்துபோல் உப்பும். உள்ளே பஞ்சுபோன்ற வலை. இலேசாக இனிக்கும் அதனைத் தேங்காய்ச் சட்டினியோடும் சாம்பாரோடும் உண்பது அவர்கள் வழக்கம். இனிப்புக்குச் சட்டினியா என்று முகம் சுளிப்பவர், ஒருமுறை உண்டபின் கேட்கமாட்டார். பள்ளிக்குக் கட்டிக்கொடுக்க இதைவிட ஏற்றது நமக்குத் தெரிந்து இல்லை. மாலைவரை மென்மை குறையாது.

குழிப்பணியாரச் சட்டி உள்ளவர்களுக்குக் கேரளத்து உண்ணியப்பம் எளிது. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவு, வெல்லப்பாகு, மசித்த பழம், ஏலம், எள், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல். பழம்தான் அப்பத்தை மென்மையாக்குகிறது; பழம் குறைந்தால் மறுநாள் கல்லாகிவிடும். பழநிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதாமல் விட மனமில்லை. விருப்பாச்சி மலைப்பழத்தோடு சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்த்து, ஒரு சொட்டு நீரும் விடாமல் பிசைவதால் அது குளிர்பதனமின்றியே நாள்கணக்கில் கெடாமல் நிற்கிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கனிந்த பழத்தைக் காப்பாற்றும் கலையில் நம் நாடு யாருக்கும் பின்தங்கியதன்று.

எதுவரை பயன்படுத்தலாம், எப்போது எறியவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். தோல் முழுவதும் கறுத்திருக்கலாம். சதை தேன் நிறமாகக் கண்ணாடிபோல் மாறியிருக்கலாம். அடிபட்ட இடம் பழுப்பாக இருக்கலாம். இவற்றால் தீங்கில்லை. ஆனால் காம்பிலோ வெடிப்பிலோ பூஞ்சணம் படர்ந்திருந்தால், கள் வாடையோ காடி வாடையோ வீசினால், நீர் கசிந்து ஈ உட்புகுந்திருந்தால் அதனைப் பண்டத்தில் சேர்க்கக் கூடாது. வெந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு. ஆட்டுக்குப் போடுங்கள்; அல்லது தோலோடு எருக்குழியில் இடுங்கள். கெட்டதை வீட்டில் ஒருவர் உண்டு தீர்ப்பது சிக்கனம் ஆகாது. மருத்துவச் செலவு பழத்தின் விலையைக் காட்டிலும் பெரிது.

உடனே செய்ய நேரமில்லை என்றால், பழத்தை உரித்து மசித்து, மூன்று பழ அளவாகப் பொட்டலம் கட்டிக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிடலாம். இரண்டு மூன்று மாதம் கெடாது. தோலோடு வைத்தால் பின்னர் உரிப்பது பெரும்பாடு. வெளியே எடுத்து உறைவு நீங்கும்போது நிறைய நீர் வடியும்; அதனைக் கொட்டிவிடாதீர்கள், இனிப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன. மாலையில் தள்ளுவண்டிக்காரர் கடை கட்டும் நேரத்தில் கறுத்த சீப்பைக் குறைந்த விலைக்குத் தருவார். அவருக்கும் அது மறுநாள் நட்டம்தான். சரியான விலை கொடுத்து வாங்கி வந்து இவ்வாறு சேமித்துவைத்தால் திடீரென்று விருந்தினர் வரும் நாளில் கை கொடுக்கும்.

நீரிழிவு உடையோருக்குக் கேக்கு வடிவில் கொடுத்தாலும் பழம் பழமே, சீனி சீனியே. ஒரு மெல்லிய துண்டு, அதுவும் உணவுக்குப் பதிலாகவேயன்றி உணவுக்கு மேலாக அன்று. மூன்று பழங்களைத் தனியே உண்டு தீர்த்த பாட்டிக்கு இனிப் பன்னிரண்டில் ஒரு துண்டு போதும். மற்றப் பதினொன்றையும் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்.

கேக்கு வெந்ததும் வெட்டக் கூடாது. தகட்டிலேயே 10 நிமிடம் விட்டு, பின் கம்பித் தட்டிலோ முறத்திலோ கவிழ்த்து நன்றாக ஆறவிட வேண்டும். அன்றைவிட மறுநாள் சுவை கூடும். ஈரமும் மணமும் உள்ளெங்கும் பரவுவதற்கு அந்த ஓரிரவு வேண்டும். நம் கோடை வெப்பத்தில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைக்காமல் டப்பாவில் இட்டுக் குளிரில் வையுங்கள். நான்காம் நாள் துண்டு இறுகிப்போயிருந்தால், தோசைக்கல்லில் சிறிது நெய் தடவி இரு பக்கமும் சிவக்கப் புரட்டி எடுத்துச் சூடாகக் கொடுங்கள். முதல் நாள் கேக்கை விட்டுவிட்டு இதற்கே பிள்ளைகள் போட்டியிடும் வீடுகளும் உண்டு.